ஈஸ்டருக்குள் எழுந்து காட்டுகிறேன்

என் தொடையில் கெட்டியாக ஒரு தசை இருக்கிறது என்பதை அறுபத்தாறு வயதில்தான் கண்டுபிடித்தேன். மிஷன் பள்ளியில் முப்பத்தோரு வருடம் அறிவியல் நடத்தியவள் நான். மனித உடம்பின் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனாலும் அந்தப் படத்தில் இருப்பது எனக்கும் இருக்கிறது, விரலால் அழுத்தினால் உள்ளே போகாமல் எதிர்த்து நிற்கிறது என்று தெரிந்த அன்று சந்தோஷம் தாங்கவில்லை. ஒத்தக்கடை மெயின் ரோட்டில் பெயிண்ட் கடைக்கு மேலே இருக்கும் ஜிம்மில் நான் போட்ட கூச்சலில், கீழே பெயிண்ட் வாங்க வந்த ஒருவர் மாடிப்படி ஏறி வந்து எட்டிப் பார்த்தார். "ஒன்னுமில்லண்ணே, டீச்சருக்குத் தொடை வந்துருச்சு" என்று பயிற்சி தருகிற பெண் அவரை அனுப்பி வைத்தாள்.

அந்தக் கூச்சலுக்கு முன்னால் நான் ஒரு தடவை விழுந்தேன். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

புத்தாண்டு முடிந்த முதல் வாரம். வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை, ரத்தம் வரவில்லை. என்னை நானே திட்டிக்கொண்டு எழப் பார்த்தேன். முடியவில்லை. முட்டி மடங்குகிறது, ஆனால் உடம்பைத் தூக்க மாட்டேன் என்கிறது. கையை ஊன்றினால் கை நடுங்குகிறது. துவைக்கும் கல் மூன்றடி தள்ளி இருந்தது. அதுவரைக்கும் நகர்ந்து போகவும் தெம்பு இல்லை. கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது, ஒரே பையன் சென்னையில் இருக்கிறான், கூப்பிட்டால் வர வீட்டில் ஆள் கிடையாது. எட்டரை மணிக்கு விழுந்தவள், பதினோரு மணிக்கு மீன்காரர் வாசலில் வண்டியை நிறுத்தி "டீச்சரம்மா, கெண்ட வந்துருக்கு" என்று கூவும்வரை அந்த ஈரத்திலேயே கிடந்தேன்.

மீன்காரர் உள்ளே வந்து, மீன் கையோடு என்னைத் தொடலாமா என்று தயங்கி, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு தூக்கிவிட்டார். எனக்கு வலியைவிட வெட்கம்தான் அதிகம். யாரிடமும் சொல்வதாக இல்லை. ஆனால் தினமும் காலையில் என்னோடு நடக்க வருகிற தோழியிடம் மட்டும் சொன்னேன். அவளும் ஓய்வு பெற்ற டீச்சர்தான், வாயில் எதுவும் நிற்காது. அன்று சாயங்காலமே சென்னைக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் காலை ரயிலில் பையனும் மருமகளும் வந்து இறங்கினார்கள். தோழியோடு ஒரு வாரம் நான் பேசவில்லை.

பையன் வந்ததும் வராததுமாக முடிவைச் சொல்லிவிட்டான்.

"அம்மா, சென்னைக்கு வந்துருங்க. இந்த வீட்ட வித்துருவோம்."

"வந்து? பதினோராவது மாடியில பால்கனிக் கம்பியில துணியோட துணியா நானும் தொங்கவா?"

"வெளையாடாதீங்கம்மா."

அவன் விளையாடவில்லை. மத்தியானமே ஒரு புரோக்கர் வந்து, என் ஹாலில் நின்று, கூரையை அண்ணாந்து பார்த்து, "வடக்குப் பாத்த வாசல், சீக்கிரம் போயிரும்" என்றார். அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கலும் நானும் என் கணவரும் லோன் போட்டு வைத்தது. மாடியில் ஏறினால் யானைமலை முழுதாகத் தெரியும். நடந்துபோகிற தூரத்தில் சர்ச். கறிவேப்பிலை கொசுறு தருகிற கடைக்காரர் முதல் என் பிளட் குரூப் தெரிந்த மெடிக்கல் ஷாப்காரர் வரை அத்தனை பேரும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் புரோக்கருக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது மருமகள்தான் வழி கண்டுபிடித்தாள். "ஏங்க, அத்தைக்கு ஒரு சான்ஸ் குடுங்க. விழுந்தது பிரச்சனை இல்ல, எந்திரிக்க முடியாததுதான பிரச்சனை? எந்திரிச்சுக் காட்டட்டும்."

பையன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்: "சரி. ஈஸ்டருக்கு வாரேன். ஹால்ல வெறுந்தரையில படுக்கணும். செவுரு, சேரு, கட்டிலு எதையும் பிடிக்கக் கூடாது. தானா எந்திரிச்சீங்கன்னா இந்தப் பேச்ச விட்டுர்றேன். இல்லன்னா சாமான் ஏத்த லாரி வந்துரும்."

"என் முட்டியில நானே கை ஊனிக்கலாமா?"

"அது ஒங்க முட்டி. ஊனிக்கங்க."

"சரி, ஈஸ்டருக்குள்ள எந்திரிச்சுக் காட்டுறேன்" என்றேன். வாயைக் கொடுத்துவிட்டு அன்று ராத்திரி கட்டிலில் இருந்து எழவே ஜன்னல் கம்பியைப் பிடித்தேன்.

டாக்டர் என் எலும்புப் படத்தைப் பார்த்துவிட்டு எலும்பில் குறை இல்லை என்றார். உட்கார்ந்து எழச் சொன்னார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தேன். "பிடிக்காம?" என்றார். மறுபடி நாற்காலியிலேயே விழுந்தேன்.

"தொடையில சதையே இல்லம்மா."

எனக்கு ரோஷம் வந்தது. "டாக்டர், நான் தெனமும் காலையில கிரவுண்ட நாலு சுத்து நடக்கிறேன்."

"நடங்க, நல்லதுதான். ஆனா தரையிலருந்து ஒடம்பத் தூக்குறதுக்கு அது பத்தாது. வெயிட் தூக்கிப் பழகணும். சரி, நடந்துட்டு என்ன சாப்பிடுறீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாலு சுற்று முடிந்ததும் நானும் தோழியும் பஸ் ஸ்டாப் பக்கத்துத் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடிப்போம். சுடச்சுட, சுக்கும் தேங்காய்ப்பூவும் போட்டு, நல்ல கருப்பட்டி மணத்தோடு ஒரு டம்ளர். சில நாள் இரண்டு. மதுரையில் காலை நடைக்குப் போகிறவர்கள் பலர் இப்படித்தான். நடப்பதே அந்த டம்ளருக்காகத்தானோ என்று எனக்கே சந்தேகம் உண்டு. டாக்டரிடம் கொஞ்சம் தயங்கிச் சொன்னேன். கூடவே, "கருப்பட்டிதான் டாக்டர், சீனி இல்ல" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"சுகருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாதும்மா, அத விட்டுருங்க" என்று அவர் சிரித்தார்.

டாக்டர் சொன்னதில் பாதியைக் கேட்டேன். ஜிம்மில் சேர்ந்தேன். பருத்திப்பாலை விடவில்லை.

காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அந்த ஜிம்மில் பெண்களுக்கு மட்டும். பயிற்சி தருகிறவள் வாடிப்பட்டிக்காரி. முன்பு கபடி ஆடியவள், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. அவள் தோளைப் பார்த்தாலே எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். முதல் நாள் சுடிதார் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தி, தெருவில் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வேகமாகப் படியேறினேன். அந்தப் படியிலேயே மூச்சு வாங்கிவிட்டது.

அவள் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கையைக் கட்டிக்கொண்டு எழச் சொன்னாள். இரண்டு தடவை எழுந்தேன். மூன்றாவது தடவை நாற்காலியோடு சேர்ந்து பின்னால் போனேன்.

"ஏன் டீச்சர், இம்புட்டு வருசமா இந்தக் கால வச்சு என்னதேன் செஞ்சீங்க?"

"நின்னு பாடம் நடத்துனேன்."

"அதேன் நிக்க மட்டும் தெரிஞ்சிருக்கு. சரி, கவலப்படாதீங்க. ஈஸ்டர்னா எம்புட்டு நாளு இருக்கு?"

விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "செஞ்சிரலாம். ஆனா நான் சொல்றத திங்கணும். காலையில ரெண்டு அவிச்ச முட்டை. மத்தியானம் மீனோ கோழியோ பயறோ, ஏதாவது ஒன்னு கட்டாயம். சோத்துல ஒரு கரண்டி கொறைங்க."

முட்டை என்றதும் என் முகம் சுருங்கியது. சின்ன வயதிலிருந்தே அவித்த முட்டை எனக்கு ஆகாது. அந்த வாடையும், தொண்டையில் மாவாக அடைக்கிற மஞ்சள் கருவும் நினைத்தாலே குமட்டும். எட்டாம் வகுப்புக்குச் 'சரிவிகித உணவு' பாடம் நடத்தும்போது, புரதம் என்ற தலைப்புக்குக் கீழே அழகாக ஒரு முட்டை வரைந்து, "தசை வளர்ச்சிக்கு இன்றியமையாதது" என்று எழுதிப் போடுவேன். பிள்ளைகளிடம் "டெய்லி சாப்பிடணும்" என்று மிரட்டிவிட்டு, நான் வீட்டுக்கு வந்து வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவேன். அப்படிப்பட்டவள் இப்போது தினமும் காலையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு முட்டையை மிளகுத்தூளில் புரட்டி விழுங்கினேன். மருந்து என்று நினைத்து விழுங்கினேன்.

என்ன ஆச்சரியம், உடம்பு கேட்டது! பத்து நாளில் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்தேன். அடுத்து நாற்காலிக்குப் பதில் ஒரு முக்காலி, பிறகு அதைவிடக் குட்டையான பலகை. இரண்டு கையிலும் தண்ணீர் நிறைந்த கேனைத் தூக்கிக்கொண்டு ஜிம்மின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் டவுனுக்குப் போக பஸ்ஸில் ஏறியபோதுதான் கவனித்தேன், கம்பியைப் பிடிக்காமலே மேல்படிக்கு வந்துவிட்டேன்! அந்த உயரப் படிக்கு முந்தின மாதம்வரை பின்னால் இருந்து யாராவது என்னைத் தள்ளிவிட வேண்டியிருந்தது. மறுபடி இறங்கி ஏறிப் பார்க்கலாமா என்று இருந்தது. கண்டக்டர் "உள்ள போங்கம்மா, உள்ள போங்கம்மா" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் படியிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அதே வாரத்தில்தான் தொடையைக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டதும்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் லெந்து காலம் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் வீடுகளில் கறி, மீன், முட்டை எதையும் தொட மாட்டார்கள். சிலர் ஒரு வேளை பட்டினி இருப்பார்கள். பொருத்தனை செய்கிறவர்களும் உண்டு: ஆண்டவரே, எனக்கு இன்னது வேண்டும், அதற்காக நாற்பது நாளும் இன்னதை விடுகிறேன் என்று சொல்லி ஜெபம் பண்ணுவது. சொல்லிவிட்டால் மாறக் கூடாது. லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன் ஆராதனையில் நான் கண்ணை மூடி, மனம் உருகி, பொருத்தனை செய்தேன். "ஆண்டவரே, என் கால்களுக்கு வலுவைக் கொடும். ஈஸ்டர் அன்று நான் எழுந்து நிற்க வேண்டும். அதற்காக இந்த நாற்பது நாளும் முட்டையையும் மீனையும் கறியையும் உமக்கென்று விட்டுவிடுகிறேன்."

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மனது எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? பக்தியின் பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் தண்ணீர்க் கேன் கனத்தது. நாலாவது வாரம் குட்டைப் பலகையில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. போன மாதம் பத்து தடவை எழுந்த அதே பலகை. பயிற்சிக்காரி என் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டீச்சர், காய்ச்சல் கீச்சல் வந்துச்சா?"

"இல்ல."

"தூங்குறீங்களா?"

"நல்லாத் தூங்குறேன்."

"முட்ட?"

பொருத்தனையைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கபடிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளை முறைப்பது மாதிரி என்னை முறைத்தாள்.

"காலு வேணும்னு சாமிகிட்ட கேட்டுட்டு, காலுக்குப் போடுற தீனியப் பூராம் நிப்பாட்டிட்டீகளே! சரி, பயறு, சுண்டல், பாலு, தயிரு?"

"சுண்டல் வாயு. தயிர் சளி."

"அப்ப என்னதேன் திங்கிறீங்க?"

"சோறு, வத்தக்குழம்பு, உருளக்கெழங்கு. காலையில பருத்திப்பால்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் கையை ஊன்றாமல் எழுந்ததைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. ஈஸ்டருக்கு மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. பையன் முந்தின நாள்தான் போனில், லாரிக்காரனிடம் பேசிவைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். முப்பத்தோரு வருடம் புரதம் நடத்தினவள் இப்படி ஒரு காரியம் செய்தேன் என்று நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் சொன்ன பொருத்தனையை முறிக்க பயம். வீட்டுக்காக ஆண்டவரிடம் வாக்கு மாறினேன் என்று ஆகிவிடாதா?

மறுநாள் சாயங்காலம் எங்கள் சபைப் போதகரைப் பார்க்கப் போனேன். என்னைவிட இருபது வயது சின்னவர். சர்ச் ஓரத்து அறையில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு நம்பர்களை எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். பொருத்தனையை நடுவில் மாற்றலாமா, மாற்றினால் பாவமா என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "டீச்சர், ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். "முட்டைய விட்டப்ப ஒங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சா?"

வாயைத் திறந்தேன். சர்ச்சுக்குள் நின்றுகொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"நிம்மதியா இருந்துச்சு ஐயா."

"அப்ப ஆண்டவருக்கு என்னத்தக் குடுத்தீங்க?"

சாம்பல் புதன் அன்று என் மனது ஏன் அவ்வளவு லேசாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. பிடிக்காத முட்டையிலிருந்து தப்பித்த சந்தோஷம் அது! அதைப் பக்தி என்று பொட்டலம் கட்டி, ஆண்டவருக்கே அல்வா கொடுத்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போதகரும் சிரித்தார். "புடிச்சது எதையாவது விடுங்க. ஒங்களுக்கு எது இல்லாம இருக்க முடியாதோ, அத" என்றார்.

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த டம்ளரின் சூடுகூடக் கையில் தெரிந்தது. "பருத்திப்பால்" என்று சொன்னபோது என் குரல் கொஞ்சம் உடைந்துதான் போனது.

மறுநாள் காலை முட்டை, மத்தியானம் மீன். பருத்திப்பால் கிடையாது. ஐயோ, அந்த மூன்று வாரம்! நாலு சுற்று முடிந்ததும் தோழி வண்டிக்கு முன்னால் நின்று ஊதி ஊதிக் குடிப்பாள். "ஒரு வாய் குடிங்க டீச்சர், ஒன்னும் ஆகாது" என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, யானைமலையைப் பார்க்கிற பாவனையில் திரும்பி நிற்பேன். விரதம் என்றால் என்ன என்று எனக்கு அறுபத்தாறு வயதில் புரிந்தது. டாக்டர் சொன்னதில் நான் கேட்காமல் விட்ட மிச்சப் பாதியும் இப்படித்தான் நிறைவேறியது.

கால் திரும்பி வந்தது. முதல் வாரம் மெதுவாக, இரண்டாவது வாரம் வேகமாக. வாடிப்பட்டிக்காரி எனக்குத் தரையிலிருந்து எழுகிற வித்தையைத் துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்தாள். மல்லாந்து கிடந்தால் முதலில் ஒருக்களி. முழங்கையில் ஏறு. தவழ்கிற பிள்ளை மாதிரி நாலு காலில் வா. ஒரு பாதத்தை முன்னால் வை. உன் முட்டியில் உன் கையை வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே மேலே போ. ஒவ்வொரு துண்டும் வந்தது. கடைசித் துண்டு மட்டும் வரவில்லை. பாதி வரை போய், தொடை நடுங்கி, மறுபடி முட்டியில் இறங்கிவிடுவேன். "பயத்துல எறங்குறீங்க, பலம் இல்லாம இல்ல" என்று அவள் கத்துவாள்.

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனையில், ஒவ்வொரு பாட்டுக்கும் எழும்போது முன் பெஞ்சைப் பிடிக்காமல் எழுந்தேன். எத்தனை தடவை என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டதை ஆண்டவர் மன்னிப்பார் என்று நம்புகிறேன். மறுநாள் சனிக்கிழமை ஜிம்மில், விரிப்பின் மேல் படுத்து, ஒருக்களித்து, தவழ்ந்து, பாதத்தை வைத்து, எழுந்தேன். எழுந்து நின்றேன்! வாடிப்பட்டிக்காரி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டாள். "நாளைக்கு இதேதேன் டீச்சர், இம்புட்டுத்தேன்" என்றாள். அன்று சாயங்காலம் பையனும் மருமகளும் வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஈஸ்டர் விடியற்கால ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பிரியாணிக்கு அடுப்பு பற்றவைத்தோம். தம் போட்ட பிறகு பையன் ஹாலில் இருந்த டீப்பாயையும் நாற்காலிகளையும் சுவரோரம் நகர்த்தினான். சிரிக்கவே இல்லை. நான் ஆராதனைக்குக் கட்டிய புது வெள்ளைச் சேலையோடு, அப்படியே தரையில் படுத்தேன். உடை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அவ்வளவு அவசரம், அவ்வளவு குஷி.

ஒருக்களித்தேன். முழங்கையில் ஏறினேன். நாலு காலில் வந்தேன். வலது பாதத்தை முன்னால் வைத்து எழுந்தபோதுதான் தெரிந்தது, பாதத்துக்குக் கீழே சேலைக் கொசுவம்! மூன்று மாதமும் சுடிதாரில் பழகியவள், கொசுவத்தை மறந்துவிட்டேன். பாதி எழுந்த உடம்பைச் சேலை கீழே இழுத்தது. தடுமாறி முட்டியில் விழுந்தேன். பையன் பாய்ந்து வந்தான்.

"தொடாத!" என்று போட்ட அதட்டலில் அவன் அப்படியே நின்றான். பின் பெஞ்சுப் பையன்களை அடக்கிய குரல் அது. எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை.

முட்டியில் நின்றபடியே கொசுவத்தை அள்ளி இடுப்பில் செருகினேன். பாதத்தை வைத்தேன். கையை முட்டியில் ஊன்றினேன். தொடை நடுங்கியது. இறங்கக் கூடாது என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு, மூச்சை விட்டு, மேலே போனேன். நின்றேன். என் ஹாலில், என் காலில்.

"அத்தை!" என்று மருமகள் கை தட்டினாள். நான் பையனைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவ" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. வாக்கு மாறுகிறானா? ஆனாலும் படுத்தேன், எழுந்தேன். இந்தத் தடவை தடுமாற்றமே இல்லை.

"இன்னொரு தடவம்மா. ஒருச்சாஞ்சு கெடந்துட்டு எந்திரிங்க. எந்தப் பக்கமா விழுந்தாலும் எந்திரிக்கத் தெரியணும்."

"டேய், லாரிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டியா? அதுக்குத்தான் குத்தம் தேடுறியா?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அவனைச் சரியாகப் பார்த்தேன். அவன் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றான். உதடு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளையில் அழுகையை அடக்கும்போது அப்படித்தான் இழுக்கும்.

"குத்தமெல்லாம் தேடலம்மா. அன்னைக்கு அந்த ரெண்டரை மணி நேரம் நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியாதுல்ல? ஆபீஸ்ல ஒருத்தனுக்குப் பொறந்தநாளு. கேக் வெட்டி, மூஞ்சியில பூசி, சிரிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க அங்க ஈரத்துல கெடந்தீங்க. நான் கேக் தின்னுக்கிட்டு இருந்தேன்மா."

மூன்று மாதமாக என் வீட்டைப் பிடுங்க வருகிறவன் என்றுதான் அவனை நினைத்துக்கொண்டிருந்தேன். ஜிம்மில் ஒவ்வொரு தடவை கேனைத் தூக்கும்போதும் மனதுக்குள் அவனோடுதான் சண்டை போட்டேன். அவன் அந்த ஈரத்தில் என்னைவிட அதிக நேரம் கிடந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தரையில் ஒருக்களித்துப் படுத்தேன். "பாரு" என்றேன். எழுந்தேன். அவன் கேட்காமலே மறுபக்கமாக ஒருக்களித்துப் படுத்தேன். எழுந்தேன். குப்புறப் படுத்தேன், எழுந்தேன். பிரியாணி அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. மருமகள் அடுப்படிக்கு ஓடினாள். "போதும்மா" என்றான் அவன். "உனக்குப் போதுமாடா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். நான் மறுபடியும் படுத்தேன்.